லிபரோவைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன்: ரொட்டர்டாம் 2021

20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கரப்பந்தாட்டச் சம்பியன்ஷிப் 2021 ஜூலை 9 முதல் 18 வரை நெதர்லாந்தின் ரொட்டர்டாமிலும் பெல்ஜியத்தின் கோர்ட்ரைக் நகரிலும் நடைபெற்றது. ரொட்டர்டாம் ஆட்டங்கள் சிலவற்றில் உதவிப் புள்ளிப் பதிவாளராக மேசையில் அமரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்த வழியைப் பற்றி நம்மவர் பலர் கேட்கிறார்கள். பிள்ளைகளைக் கழகங்களில் விளையாட விட்டிருக்கும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் வாழும் நெதர்லாந்தில் ஒரு பிள்ளையைக் கரப்பந்தாட்டக் கழகத்தில் சேர்த்தால் சந்தா கட்டுவதோடு கடமை முடிந்துவிடாது. சனிக்கிழமைகளில் மற்ற அணிகளின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்பதும் புள்ளி பதிவதும் கழகத்தவரின் முறைப்பணி. மகளின் அணிக்கு முறை வந்த ஒரு நாள், ஆள் போதாமல் என்னை மேசையில் உட்கார வைத்தார்கள். வடமராட்சியில் மாலை வேளைகளில் அப்பா விளையாடியதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் ஆட்டம் எனக்குப் புதிதல்ல. கரப்பந்தாட்டம் 1991 முதல் இலங்கையின் தேசிய விளையாட்டு. அதற்கு முன்பே அது எங்கள் ஊர்களின் விளையாட்டாக இருந்தது. ஆனால் அப்பா விளையாடிய காலத்தில் லிபரோ என்ற ஆட்டக்காரர் இருக்கவில்லை. சர்வதேச ஆட்டங்களில் 1998இல்தான் அந்த நிலை அறிமுகமானது. எனக்குத் தெரியாதிருந்ததும், பின்னர் என் வேலையாகவே ஆனதும் அதுதான்.

லிபரோ என்பவர் மற்றவர்களிலிருந்து வேறுபட்ட நிறத்தில் சட்டை அணிந்து, பின்வரிசையில் மட்டும் நின்று, பந்தை எடுத்துக் கொடுக்கும் தற்காப்பு ஆட்டக்காரர். அவர் தடுப்புக்கு எழும்பக் கூடாது; வலையின் மேல் விளிம்புக்கு மேலே முழுமையாக இருக்கும் பந்தை எதிரணிப் பக்கம் அடிக்கவும் கூடாது. ஒரு செற்றில் ஓர் அணிக்கு ஆறு மாற்றீடுகளே அனுமதிக்கப்படுகின்றன என்றாலும், லிபரோ உள்ளே வருவதும் போவதும் அந்தக் கணக்கில் சேராது; எத்தனை முறையும் நிகழலாம், அதற்கு நடுவரிடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை. பந்து ஓய்ந்த பின், அடுத்த சேர்விஸுக்கான விசில் ஊதப்படுவதற்கு முன், முன்பகுதியைப் பிரிக்கும் தாக்குதல் கோட்டுக்கும் இறுதிக் கோட்டுக்கும் இடைப்பட்ட பக்கக் கோட்டின் வழியாக ஓடி வந்து ஓடிப் போய்விடுவார்கள். புள்ளி யாருக்கு என்று எல்லோரும் பலகையைப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில்தான் இது நடக்கும். எந்த லிபரோ, யாருக்குப் பதிலாக, எந்தப் புள்ளியில் வந்தார் என்பதை அதற்கான தாளில் பதிவதும், தவறு நேர்ந்தால் ஒலிப்பானை அழுத்தி நடுவர்களுக்கு அறிவிப்பதும் உதவிப் பதிவாளரின் பொறுப்பு.

முதலில் எனக்கு இது பிடிபடவேயில்லை. விதிகளைப் பாடமாக்கியிருந்தேன், பதிவாளருக்கான தேர்வையும் நல்ல புள்ளிகளோடு தாண்டினேன். ஆனால் உயர் பிரிவு லீக் ஆட்டம் ஒன்றில், இரண்டு லிபரோக்களை மாறி மாறி இறக்கிய ஓர் அணியின் சரியான மாற்றத்தைத் தவறென்று எண்ணி ஒலிப்பானை அழுத்திவிட்டேன். ஆட்டம் நின்றது, தாள் சரிபார்க்கப்பட்டது, மாற்றம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. தொடர்ச்சியாக நான்கு புள்ளிகள் எடுத்திருந்த அந்தப் பிள்ளைகள் மீண்டும் தொடங்கியபோது சேர்விஸை வலையில் அடித்தார்கள். அந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. என் கை பட்டு அவர்களின் ஓட்டம் தடைப்பட்டது என்ற எண்ணத்தில் அன்றிரவு தூக்கமும் வரவில்லை.

எனக்குப் பயிற்சி தந்த மூத்த பதிவாளர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் விதிநூலைத் திறக்கவில்லை. "அந்தக் கணத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று மட்டும் கேட்டார். பந்தை, என்றேன். அதற்குப் பிறகு வந்த வாரங்களில், ஒரு முழுச் செற்றையும் பந்தைப் பாராமல் பார்க்கும் பயிற்சியை எனக்குக் கொடுத்தார். கண் முழுவதும் இரு அணிகளின் இருக்கைப் பக்கக் கோட்டில் இருக்க வேண்டும். புள்ளி யாருக்கென்று நடுவரின் கை சொல்லும். பந்தைத் தொடர்வது கண்ணின் இயல்பு என்பதால், அதை விடுவதற்கு எனக்கு ஒரு பருவகாலம் முழுவதும் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகுதான் சுழற்சியின் ஒழுங்கு எனக்குப் புலப்பட்டது. எதிரணியிடமிருந்து சேர்விஸை வென்றெடுக்கும் அணியின் ஆறு பேரும் ஒவ்வோர் இடம் நகர்வதே சுழற்சி; இரண்டு, மூன்று, நான்காம் இடங்கள் முன்வரிசை, ஒன்று, ஆறு, ஐந்தாம் இடங்கள் பின்வரிசை. வலையின் நடுவில் எதிரணியின் அடியைத் தடுக்கும் நடுத் தடுப்பாளர்கள் இருவர் சுழற்சியில் எதிரெதிராக நிற்பார்கள். ஒருவர் பின்வரிசையில் இருக்கும்போது அவரிடத்தில் பெரும்பாலும் லிபரோ நிற்பார். அந்த இடம் ஐந்திலிருந்து நான்குக்குச் சுழலும்போது, அது முன்வரிசை என்பதால், லிபரோ வெளியேறியே ஆகவேண்டும். அதே சுழற்சியில் மற்ற நடுத் தடுப்பாளர் சேர்விஸ் போட ஒன்றாம் இடத்துக்கு வருவார். அவருடைய அணி சேர்விஸை இழந்ததும் லிபரோ அவருக்குப் பதிலாக மறுபடி உள்ளே வருவார். இந்தத் தாளம் மனதில் ஏறிவிட்டால் அடுத்து யார் அசைவார் என்பது ஓட்டம் தொடங்குமுன்பே தெரியும். எழுதுவது எதிர்பார்த்ததைச் சரிபார்ப்பதாகிவிடும். தாளில் தடுமாறும் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உலகப் போட்டிகளில் மேசை அலுவலர்களையும் கோட்டு நடுவர்களையும் நடத்தும் நாடே வழங்கும். பெயர்ப் பட்டியலில் நான் சேர்க்கப்பட்டதை அறிந்தபோது, கொரோனா காரணமாகப் போட்டி நடக்குமா என்ற கேள்வியும் உடன் இருந்தது. பிசிஆர் பரிசோதனை, முகக்கவசம், அணிகளிடமிருந்து இடைவெளி என்று கட்டுப்பாடுகள் இருந்தன. தொடக்க நாளன்று மாலையே நாட்டின் கட்டுப்பாடுகளை மீண்டும் இறுக்குவதாக அரசு அறிவித்தது. ஃபெயனூர்ட் உதைபந்தாட்ட அரங்கை அடுத்திருக்கும் அந்த விளையாட்டு மண்டபத்துக்குள் ஒவ்வொரு காலையும் நுழையும்போது, இன்றைய ஆட்டமாவது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். 2002இலோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைகள் அவர்கள். கொரோனாவில் ஓராண்டுக்கு மேல் ஒழுங்காக விளையாட முடியாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் வயதுக்கு இந்த வாய்ப்பு மறுபடி வராது.

பிரிவு ஆட்டம் ஒன்றில் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். செற் முடியும் தறுவாய், 23க்கு 23. ஓர் அணி சேர்விஸை இழந்ததும் முதல் லிபரோ உள்ளே வந்தார், நான் பதிந்தேன். எதிரணியின் சேர்விஸை அவர் சரியாக எடுக்கவில்லை, பந்து சிதறியது. அதே கணத்தில் வெளியிலிருந்து வேறொரு பந்து ஆடுகளத்துக்குள் உருண்டு வந்ததால் நடுவர் விசில் ஊதி, மறுபடி ஆடப் பணித்தார். பயிற்சியாளர் உடனே கையசைத்தார். முதல் லிபரோ வெளியேற, இரண்டாவது லிபரோ உள்ளே ஓடினார்.

இரண்டு லிபரோ மாற்றங்களுக்கு இடையே முடிவடைந்த ஓர் ஆட்டத் தொடர், அதாவது சேர்விஸ் முதல் பந்து ஓயும் வரையான ஆட்டம், இருக்க வேண்டும். புள்ளி வழங்கப்பட்டால்தான் ஆட்டத் தொடர் முடிவடைந்ததாகக் கொள்ளப்படும். மறுபடி ஆடப் பணித்தால் அது கணக்கில் வராது. ஆகவே அந்த மாற்றம் செல்லாது. இதை நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். தாளில் அதற்கு முந்தைய பதிவின் பக்கத்தில் 23-23 என்று இருந்தது, பலகையிலும் அதுவே இருந்தது. விரல் ஒலிப்பானை அழுத்திவிட்டது. இரண்டாம் நடுவர் திரும்பினார். தாளைக் காட்டி, "ஆட்டத் தொடர் முடியவில்லை" என்றேன். முதல் லிபரோ திரும்ப அழைக்கப்பட்டார். அந்த அணிக்குத் தாமத எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை காட்டப்பட்டது.

பயிற்சியாளர் என்னைக் கோபமாகப் பார்த்தார். ஆனால் விசிலும் ஊதப்பட்டு, சேர்விஸும் அடிக்கப்பட்ட பிறகு அந்தத் தவறு தெரியவந்திருந்தால், அவருடைய அணி அந்த ஆட்டத் தொடரையே இழந்திருக்கும்; 23-23 என்ற நிலையில் எதிரணிக்கு ஒரு புள்ளி கிடைத்து, செற்றை வெல்ல இன்னும் ஒரு புள்ளியே தேவை என்றாகியிருக்கும். எச்சரிக்கையால் ஒரு புள்ளியும் போகவில்லை. அடுத்த சேர்விஸை அதே பிள்ளை, முன்பு பந்தைச் சிதறவிட்ட அதே முதல் லிபரோ, மிக அழகாக எடுத்துக் கொடுத்தார். அதை நான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு முறை பந்தைப் பார்த்தேன்.

இறுதி ஆட்டத்துக்கு என்னைவிட அனுபவம் மிகுந்தவர்கள் நியமிக்கப்பட்டார்கள், அது சரியானதே. இத்தாலி சேர்பியாவை வென்று கிண்ணத்தைப் பெற்றது. நெதர்லாந்துப் பிள்ளைகள் பதக்கத்துக்கு அருகே வந்து நான்காம் இடத்தில் நின்றார்கள். அடுத்த பருவகாலம் தொடங்கியதும் எங்கள் கழகத்தில் என் முறைப்பணி வந்தது. அன்று என் பக்கத்தில், அணியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் தாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தாளைக் கொடுத்து, பேனாவை இன்னும் எடுக்க வேண்டாம், முதல் செற் முழுவதும் அந்தக் கோட்டை மட்டும் பாருங்கள் என்றேன்.