கீறல் மூடினால் புண் ஆறிவிட்டதா?

சிங்கப்பூரின் பயோபோலிஸ் ஆய்வு வட்டாரத்தில் ஒரு லேபில் தோல் செல்களை வளர்த்து, அவற்றுக்குக் கடற்பாசியிலிருந்து எடுத்த சல்பேட் சர்க்கரைகளை (சல்பேட் என்ற கந்தகத் தொகுதி ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிகளை) கொடுத்துப் பார்ப்பது என் வேலை. பெரும்பாலும் ஃபியூகாய்டன். பழுப்புப் பாசியில் இருப்பது. 1913-இல் ஸ்வீடன்காரர் கிலின் முதலில் பிரித்தெடுத்தார். அதைத் தரும் சார்காசம் பாசியை ராமேஸ்வரம் பக்கம் கட்டக்கோரை என்பார்கள். சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியும் அது வளர்கிறது.

இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளில் தொங்கும் சல்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம். செல்களை வளரச் சொல்லும் எஃப்ஜிஎஃப்-2 போன்ற புரதங்களின் மேல் நேர்மின்னூட்டப் பகுதிகள் உண்டு. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய புரதம் சீக்கிரம் சிதையாது. நம் உடம்பில் செல்களின் மேலேயே இருக்கும் ஹெபரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலி இதைத்தான் செய்கிறது. ஆறாத புண்ணில் புரதங்களை வெட்டும் நொதிகள் அளவுக்கு மீறி இருப்பதால், வளர்ச்சிப் புரதத்தை வெறுமனே தடவினால் நிலைப்பதில்லை. அதைப் பிடித்து வைத்துக் காப்பாற்றும் ஒரு பொருள் வேண்டும் என்பதே இந்தத் துறையின் நம்பிக்கை. சல்பேட் சர்க்கரை புண் சிகிச்சைக்குப் புதிதும் இல்லை: தீக்காயத்துக்குப் பயன்படும் இன்டெக்ரா என்ற செயற்கைத் தோல், மாட்டின் கொலாஜன் புரதத்தையும் சுறாவின் காண்ட்ராய்டின் சல்பேட் என்ற சர்க்கரையையும் சேர்த்துச் செய்தது. 1996-இலேயே அமெரிக்க அனுமதி பெற்றுவிட்டது.

சரி, லேபில் எப்படிச் சோதிக்கிறோம்? தட்டு நிறைய செல் வளர்த்து, பிப்பெட் முனையால் ஒரு கோடு கீறி, அந்த இடைவெளி எவ்வளவு வேகமாக மூடுகிறது என்று படம் எடுப்போம். தோலின் மேலடுக்குச் செல்களான கெரட்டினோசைட்டுகள் ஒன்றையொன்று விடாமல் விரிப்பு போல நகரும். அடியடுக்குச் செல்களான ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் தனித்தனியாகக் கிளம்பும். பார்க்கவே அழகு. ஆனால் இடைவெளி மூடிய படத்தைப் போட்டு 'புண் ஆற்றும்' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. செல்கள் நகர்ந்து மூடினவா, பெருகி மூடினவா என்பதே அந்தப் படத்தில் தெரியாது. பெருக்கத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். செல் வளர ஊற்றும் சத்துத் திரவமான மீடியத்தில் 10 சதவீதம் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) இருந்தால் அதிலேயே வளர்ச்சிப் புரதங்கள் ஏராளம். பாசிச் சர்க்கரையின் பங்கு எது என்று பிரிக்க முடியாது.

பாலிகிளினிக்கில் புண்ணுக்குக் கட்டுப்போடும் நர்ஸ் அக்கா ஒருவரிடம் இந்தப் படங்களைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். “தம்பி, இது இப்பத்தான் கீறின புண்ணு. என்கிட்ட வர்ற ஐயா ஒருத்தருக்குத் தீபாவளிக்கு முன்னாடி கால்ல வந்தது, பொங்கல் முடிஞ்சும் அப்படியே இருக்கு. அதுக்கு என்ன செய்யும், சொல்லுங்க” என்றார். நீரிழிவுக்காரர்களின் கால் புண் இங்கே சின்ன விஷயம் இல்லை. காலை இழந்தவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பிறகு சோதனைகளை நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

மீடியத்தில் குளுக்கோஸைக் கூட்டினால் நீரிழிவுப் புண் ஆகிவிடாது. இந்தச் செல்களுக்கு வழக்கமாக ஊற்றும் ஒரு மீடியத்திலேயே லிட்டருக்கு 25 மில்லிமோல் குளுக்கோஸ் இருக்கிறது. அந்த அளவு ரத்தத்தில் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். தட்டில் இல்லாதவை அழற்சி, கிருமி, அந்த வெட்டும் நொதிகள்.

இன்னொரு கவலை தூய்மை. பாசிச் சாற்றில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சு கலந்திருக்கலாம். அதற்கும் எதிர்மின்னூட்டம்தான் என்பதால் ஃபியூகாய்டனிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. அது இருந்தால் செல்கள் காட்டும் மாற்றம் எதனால் வந்தது, பாசிச் சர்க்கரையாலா, நச்சாலா? 2008-இல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் என்ற சல்பேட் சர்க்கரை மருந்தில் அதிகச் சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்டின் கலந்து, பலர் உயிரிழந்தார்கள். சல்பேட் சர்க்கரைகளில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும்; உடம்பு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாது.

அதனால் இப்போது ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒரு பகுதியிலிருந்து சல்பேட்டை நீக்கி, நீக்கியதையும் நீக்காததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாற்றம் சல்பேட்டால்தானா என்று சோதிக்கிறேன். எண்டோடாக்சின் அளவு தெரியாமல் செல்லுக்குக் கொடுப்பதில்லை. வெட்டும் நொதியான எலாஸ்டேஸையும் மீடியத்தில் சேர்த்து, அதன் நடுவிலும் வளர்ச்சிப் புரதம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கிறேன். வேலை மெதுவாகத்தான் போகிறது. அடுத்த முறை அக்காவிடம் காட்ட, கீறல் படத்தோடு இந்த எலாஸ்டேஸ் முடிவுகளும் இருக்கும்.