பல்லால் தோலுரிக்கும் முன்

குடல்புழு என்றாலே நூல் போலவோ மண்புழு போலவோதான் நினைவுக்கு வரும். ஆனால் சிறுகுடலில் இலை மாதிரி தட்டையாக ஒட்டிக்கொண்டு வாழும் புழுவும் உண்டு. பெயர் பாசியோலாப்சிஸ் பஸ்கி. நீளம் 7.5 செ.மீ. வரை போகும். ஆமாம், விரல் நீளம்! 1843இல் லண்டனில் இறந்துபோன ஓர் இந்திய மாலுமியின் குடலில் இதை முதலில் கண்டவர் ஜார்ஜ் பஸ்க் என்ற மருத்துவர்.

இது பரவும் விதம்தான் எனக்குப் பெரிய வியப்பு. மலத்தோடு வெளியேறும் முட்டை குளத்து நீரில் பொரிக்கிறது. வெளிவரும் நுண்ணிய குஞ்சு நத்தைக்குள் புகுந்து பல மடங்காகப் பெருகுகிறது. அப்புறம் நத்தையை விட்டு நீந்தி வந்து, சிங்காடா போன்ற நீர்த்தாவரங்களின் மேல் கூடு கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. சிங்காடாக் காயைப் பச்சையாகப் பல்லால் தோலுரித்தால் போதும், நேரே வயிற்றுக்குள். சீனா, வங்கதேசம், தாய்லாந்து, இந்தியாவில் பீகார், அசாம் என்று பல இடங்களில் இது உண்டு. பன்றிக் குடலிலும் வாழும் என்பதால் மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தீராது.

புழு குறைவென்றால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நிறைய இருந்தால் வயிற்றுவலி, பேதி. முகமும் காலும்கூட வீங்கலாம். மலப் பரிசோதனையில் முட்டை தெரியும். ஆனால் கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டையும் அதே ஜாடை! மருந்து பிராசிகுவான்டெல். வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலை நம்பி இருக்க வேண்டாம். காயைக் கொதிநீரில் சில நொடி முக்கி எடுத்தாலே கூட்டுக்குள் இருக்கும் புழுக்குஞ்சு செத்துவிடும்.