எந்த நாட்டோடு எந்த நாடு?

ஜனவரி 9

பருவத்தின் முதல் வகுப்பு. நாடுகளின் அரசுக் கொள்கைகளை ஒப்பிட்டுப் படிக்கும் ஒப்பியல் பொதுக் கொள்கையை நான் எப்போதும் கனடா, அமெரிக்கா மருத்துவக் காப்பீட்டில்தான் தொடங்குவேன். இரண்டும் அண்டை நாடுகள், இரண்டும் கூட்டாட்சிகள், இரண்டிலும் தனியாகத் தொழில் நடத்தும் மருத்துவர்கள். பிறகு ஏன் வழிகள் பிரிந்தன? கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம் 1947இல் மருத்துவமனைச் செலவையும் 1962இல் மருத்துவர் கட்டணத்தையும் பொதுக் காப்பீட்டின்கீழ் கொண்டுவந்தது. 1962இல் மருத்துவர்கள் மூன்று வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தும் திட்டம் நிலைத்தது. 1966இல் தேசியச் சட்டமே வந்தது. அமெரிக்காவோ 1965இல் முதியோருக்கும் ஏழைகளுக்கும் திட்டம் வகுத்ததோடு நின்றுகொண்டது.

“பண்பாடு வேறு” என்றார்கள் மாணவர்கள். இந்த விடை எனக்குப் போதாது. மாகாணத்தில் ஆட்சியைப் பிடிக்க முடிந்த ஒரு இடதுசாரிக் கட்சி, நாடாளுமன்ற முறை தரும் கட்சிக் கட்டுப்பாடு, ஒரு மசோதாவை எத்தனை இடங்களில் முடக்கலாம் என்ற கணக்கு. அங்கே தேடச் சொன்னேன்.

ஜனவரி 27

முனைவர் பட்ட மாணவி ஒருவர், நாடுவாரியாகச் சமூகநலச் செலவின் சதவீதப் பட்டியலோடு வந்தார். டென்மார்க்கும் ஸ்வீடனும் தாம் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பகுதியை வரியாகத் திரும்பப் பெறுகின்றன. அமெரிக்கா, நிறுவனங்கள் ஊழியருக்கு எடுக்கும் காப்பீட்டுக்கு வரிச்சலுகை தருகிறது. நேரடிச் செலவுக் கணக்கில் இவை தெரியா. இவற்றையும் தனியார் நலச்செலவையும் சேர்த்தால் அமெரிக்கா வெகுவாக மேலே ஏறிவிடும் என்றேன். “அப்படியென்றால் என் ஆய்வுக் கேள்வியே இதுதான், ஐயா” என்றார். அன்று முழுவதும் எனக்கு உற்சாகம்.

பிப்ரவரி 11

பணி நேர்காணல். ஒருவர் நிறைய நாடுகளின் தரவை வைத்து அழகாகப் புள்ளியியல் மாதிரி கட்டியிருந்தார். இன்னொருவர் ஆய்வு நாட்டின் மொழியைக் கற்று, ஆவணக் காப்பகத்தில் அமைச்சகக் கோப்புகளைப் படித்தவர். அதனால் கட்டுரைகள் குறைவு. நான் இரண்டாமவருக்காக வாதாடினேன். முடிவு இன்னும் வரவில்லை. இளையவர்களை இப்படி எண்ணிக்கையால் எடைபோட்டால், மொழி கற்கும் பொறுமை இத்துறையில் யாருக்கு மிஞ்சும்?

பிப்ரவரி 24

ஓய்வூதியச் சீர்திருத்தக் குழு ஆலோசனைக்கு அழைத்திருந்தது. முதல் கேள்வியே, “எந்த நாட்டுத் திட்டம் சிறந்தது?”

சிலி 1981இல் ராணுவ ஆட்சியின்கீழ் தனிநபர் சேமிப்புக் கணக்குகளுக்கு மாறியது; ராணுவத்தினரையும் காவல் துறையினரையும் மட்டும் விட்டுவைத்தது. பலருக்குப் போதிய ஓய்வூதியம் சேராததால் 2008இல் அரசுப் பணத்திலிருந்து அடிப்படை ஓய்வூதியம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்வீடனில் 1990களில் ஐந்து கட்சிகள் உட்கார்ந்து பேசி உடன்பட்டன. அந்த உடன்பாடுதான் திட்டத்தைத் தேர்தல் மாற்றங்களிலிருந்து காத்தது. ஓய்வூதியம் கணக்கிடும் சூத்திரத்தை நகலெடுக்கலாம், உடன்பாட்டை இங்கேயேதான் உருவாக்க வேண்டும் என்றேன்.

இரண்டு பக்கக் குறிப்பு கேட்டிருக்கிறார்கள். ஸ்வீடன் முறையில் ஒருவரின் வாழ்நாள் வருமானம் முழுவதும் பதிவாக வேண்டும். முறைசாராத் தொழிலாளருக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்பதைத்தான் முதல் பத்தியில் கேட்கப் போகிறேன்.