கசிந்த முன் ஷொக்கும் ஒரு துருப் புள்ளியும்

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே எங்கள் கிரவல் வீதியில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு முன் ஷொக்தான், அதாவது முன் சில்லைத் தாங்கிக் குலுக்கத்தை வாங்கும் இரண்டு குழாய்கள்தான், முதலில் களைக்கும். என்னுடைய 100 சிசி வண்டியின் இடது ஷொக்கில் ஒயில் கசிந்து, செம்புழுதி ஒட்டி, சில்லின் அச்சு வரை சேறாக இறங்கியிருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஒரு கடையில் சீலை, ஒயில் வெளியே வராமல் தடுக்கும் றப்பர் வளையத்தை, மாற்றியிருந்தேன். காரணம் தெரியாமல் இன்னொரு முறை கூலி கொடுக்க மனம் வரவில்லை. மாங்குளத்தில் சீலும் போர்க் ஒயிலும் வாங்கிவந்து நானே கழற்றினேன்.

எஞ்சினுக்கு அடியில் முதிரைக் கட்டை கொடுத்து, சில்லையும் மட்காட்டையும் எடுத்தேன். உழவு இயந்திரங்களோடு காலம் கழித்த பெரியப்பா பக்கத்தில் இருந்தார். "ஷொக்கை உருவ முன்னமே மேல் போல்ட்டை இளக்கு, தம்பி" என்றார். உண்மைதான். உருவிய பிறகு அந்த வழுக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருப்ப முடியாது. ஷொக்கின் அடியில் இருக்கும், தலையில் அறுகோணக் குழியுள்ள அலன் போல்ட்டையும் ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போதே கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கின் அழுத்தம் இல்லாவிட்டால் உள்தண்டும் சேர்ந்து சுற்றும்.

வடிந்த ஒயில் கருஞ்சாம்பல் நிறத்தில், மீன் நாற்றம் அடித்தது. சீலின் உதடு கிழியவே இல்லை. குழாயை மண்ணெண்ணெயில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் மேலிருந்து கீழாக வருடினேன். ஓரிடத்தில் நகம் தடக்கியது. கடுகில் பாதி அளவு துருப் புள்ளி, சரியாகச் சீல் ஏறி இறங்கும் இடத்தில்! சீலை மட்டும் மாற்றிய கை இதைத் தடவிப் பார்க்கவில்லை. 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளை ஒயிலில் நனைத்து, நகம் வழுக்கும் வரை மெதுவாகத் தேய்த்தேன். அதற்கே ஒரு பின்னேரம் போனது.

புதிய சீலுக்கு மேல் பழைய சீலை வைத்து, அளவான பிவிசி குழாயால் தட்டி இறக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஒயில். மேல் போல்ட்டைப் பூட்டுவதற்கு முன் பத்துப் பதினைந்து முறை அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது, பிறேக் கட்டைகளைத் தாங்கிச் சில்லின் நடுவை மூடும் பிறேக் தட்டு. அதன் வெட்டு, ஷொக்கில் இருக்கும் முளையில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிறேக் பிடித்ததும் தட்டே சுற்றிவிடும், உயிருக்கு ஆபத்து. அச்சை இறுக்கும் முன் ஹான்டிலைப் பிடித்து நான்கு முறை அமுக்கினேன், இரண்டு ஷொக்கும் தங்கள் இடத்துக்கு வரட்டும் என்று.

மூன்று வாரங்களாக முல்லைத்தீவுக்கும் வயலுக்கும் ஓடுகிறேன். நேற்று மாலை குழாயைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் புழுதி மட்டும்தான் இருந்தது.