பல்பை நிப்பாட்டச் சொல்ற வீடியோவும் கான் வெட்டாத மலையும்

காலநிலை மாற்றம் பத்தி வர்ற வீடியோ எதையும் நான் தள்ளிவிட்டுப் போறதில்ல, முழுசா பாத்துருவேன். பனிக்கரடி வரும், ஐஸ் உடஞ்சு கடல்ல விழும், பின்னால சோகமா ஒரு மியூசிக், கடைசியில மாற்றத்த உங்க வீட்ல இருந்து ஆரம்பிங்கன்னு ஒரு குரல், அப்பறம் ஒரு லிஸ்ட். கார் ஓட்டுறத கொறைங்க, ப்ளைட்ல போறத கொறைங்க, இறைச்சிய கொறைங்க, தேவையில்லாத பல்பை நிப்பாட்டுங்க. நான் இருக்கிறது இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. இந்த லிஸ்ட்ட எடுத்துகிட்டு எங்க லயத்துல, அதான் தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீட்டுல, காம்பரா காம்பராவா போய் சொன்னா என்னாகும்? காரு இல்ல. ப்ளைட்ல ஏறினது சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போன பொம்பளைங்கதான். இறைச்சி சம்பளம் போட்ட கெழமைக்குத்தான்.

பல்பு கதை இன்னும் ஜோக். எர்த் அவர்னு ஒன்னு இருக்கே, 2007ல சிட்னில ஆரம்பிச்சது, மார்ச் மாசத்துல ஒரு சனிக்கெழமை ராத்திரி ஒரு மணித்தியாலம் லைட்ட நிப்பாட்டுவாங்க. நம்ம நாட்டுல 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணாங்க, அந்தக் கணக்குல பாத்தா அந்த வருஷம் நாமதான் உலகத்துக்கே பெரிய சூழல் போராளிங்க. இத்தனைக்கும் நாட்டுக் கரண்ட்ல ஒரு பங்கு எடுக்குறது எங்க ஊர்ல இருந்து, மவுஸ்ஸாகலை டேமுக்காக பழைய மஸ்கெலியா டவுனையே தண்ணிக்குள்ள விட்டாங்க, மழை இல்லாத காலத்துல தண்ணி எறங்கினா பழைய கோயில் வெளிய தெரியும், பாக்குறதுக்கு பஸ் புடிச்சு ஆளுங்க வருவாங்க.

அக்கா மக ஸ்கூல்ல ஏஎல், அதான் உயர்தரம் படிக்கிறா, அவதான் கிரெட்டா துன்பெர்க் பேசின வீடியோவ எனக்கு அனுப்பினது. 2018 ஆகஸ்ட்ல ஸ்வீடன் பாராளுமன்றத்துக்கு முன்னால ஸ்கூலுக்குப் போகாம ஒத்த ஆளா உக்காந்த புள்ள, அப்போ 15 வயசு. அடுத்த வருஷம் நியூயார்க்ல ஐநா மாநாட்டுல போய் தலைவருங்கள வச்சு வாங்கினா பாருங்க, எனக்கு ரொம்பப் புடிச்சுச்சு. ஏன்னா அவ திட்டினது நாட்ட ஆளுறவங்கள, என்னைய இல்ல. அதே விஷயம் விளம்பரமா மாறி வரும்போது மட்டும் திட்டு எப்படியோ என் பக்கம் திரும்பிருது. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, ஒவ்வொரு ஆளும் எவ்வளவு கார்பன் விடுறான்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கன்னு 2000களின் நடுவுல பெரிசா விளம்பரம் பண்ணி ஊர் ஊரா கொண்டு போனது பிபி, எண்ணெய் கம்பெனி! எண்ணெய் தோண்டி விக்கிறவன் நம்மள கணக்குக் காட்டச் சொல்றான். சரி, காட்டுவோம். இலங்கையில ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு டன் பக்கம் கார்பன் டை ஒக்சைட், அமெரிக்காவுல 14 டன் பக்கம். நம்ம ஒரு டன்லயும் கொழும்பு ஏசி வீட்டு ஆளையும் தோட்டத்து வெறகு அடுப்பு வீட்டு ஆளையும் சேத்துத்தான் பங்கு போட்டிருக்காங்க.

இத சொன்னா என் மச்சான் உடனே, அப்ப நமக்கு ஒரு பொறுப்பும் இல்ல, பண்ணவன் பாத்துக்கட்டும்னுட்டு கெளம்பிடுவாரு. அதுவும் எனக்கு சரியா படல. யாரு பண்ணா என்ன, வந்து விழுறது நம்ம தலையில. காத்து ஒரு டிகிரி சூடு கூடினா 7 வீதம் பக்கம் கூட ஈரத்த புடிச்சு வச்சுக்கும், அது கொட்டும்போது மொத்தமா கொட்டும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல நாடு முழுக்க 600 பேருக்கு மேல போனாங்க, கண்டி, பதுளை, நுவரெலியான்னு மலைப்பக்கம் பூரா மண்சரிவு. அதுக்கு முன்னால 2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்த மீரியபெத்தையில லயத்தோட மண்ணுக்குள்ள போனாங்களே, அந்த எடம் ஆபத்துன்னு முன்னாடியே சொல்லியும் வேற எடத்துல வீடு வாசல் குடுக்கல.

எங்க மலைக்குன்னு பொறுப்பு பேசுறதுன்னா நான் முதல்ல கான், அதான் தண்ணி ஓடுற வடிகால், அத பத்திதான் பேசுவேன். தேயிலை மலையில குறுக்கால வெட்டியிருக்கிற கான் சும்மா இல்ல, மழைத் தண்ணி மண்ணுக்குள்ள ஊறி மலைய தள்ளாம ஓடைக்கு கொண்டு போற வழி அது. அப்பாயி காலத்துல கான் வெட்டுக்குன்னே ஆம்பளை ஆளுங்க இருந்தாங்க, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுல பேரு கூப்பிட்டு அனுப்புவாங்க. இப்ப ஆளு இல்ல, செலவுன்னு நிர்வாகமும் விட்டுருச்சு, பாதி மலை காடாகிப் போச்சு, கான் மூடிகிட்டு கெடக்கு. லயத்துப் பக்கத்துல மூடினதுல எங்க பங்கும் இருக்கு, பிஸ்கட் பேப்பர், ஷாம்பு பாக்கெட், யோகட் கப்பு எல்லாம் அதுக்குள்ளதான். சோறு சுத்துற பொலித்தீன் லன்ச் ஷீட்ட 2017ல தடை பண்ணாங்க, நல்லது, ஆனா குப்பை எடுக்க ட்ராக்டர் டவுனோட நிக்குது, லயத்துக்கு ஏறாது.

இன்னொன்னு. மேல இருந்து பச்சைன்னு ஒரு முடிவு எறங்கினா அது யாரு முதுகுல விழுதுன்னு 2021ல பாத்தோம். இயற்கை விவசாயம்னு சொல்லி ஒரே அடியா ரசாயன உரத்த நிப்பாட்டினாங்க, அந்த வருஷம் முடியறதுக்குள்ள வாபஸும் வாங்கினாங்க, ஆனா செடிக்கு அது தெரியுமா, கொழுந்து கொறஞ்சுகிட்டே வந்துச்சு. 2021ல கிட்டத்தட்ட 30 கோடி கிலோ இருந்த நாட்டுத் தேயிலை அடுத்த வருஷம் 25 கோடி பக்கம் எறங்குச்சு. கொழும்புல அது ஏற்றுமதி நஷ்டம். இங்க அது வேற, மலை பூரா சுத்தியும் கிலோ நெறையாது, கிலோ நெறையலன்னா அரைப்பேர், அதான் பாதி நாள் சம்பளம். உரத்த கொறைக்கணும்னு நானும்தான் சொல்றேன், மண்ணும் தண்ணியும் கெட்டுப் போய்தான் கெடக்கு, ஆனா கொழுந்து எடுக்கிறவங்கள ஒரு வார்த்தை கேக்காம, அவங்க சம்பளத்துக்கு ஒரு வழி பண்ணாம எடுக்கிற எந்த நல்ல முடிவும் எனக்கு வேணாம்.

ஸ்கூல்ல சூழல் தினத்துக்கு போஸ்டர் போட்டியாம், பல்பு வரையவா பூமி வரையவான்னு அக்கா மக கேட்டா. கான் வரைன்னேன். டீச்சருக்கு புரியாது மாமாங்கிறா. புரியலன்னா நல்லா மழை பெஞ்ச அடுத்த நாள் டீச்சரையும் எங்க லயத்துப் பின்பக்கம் கூட்டிட்டு வா, பூட்ஸ் மட்டும் போட்டுட்டு வரச் சொல்லுன்னு சொல்லியிருக்கேன்.