கீழ்முதுகுக் குறிப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

ஜிம்னாஸ்டிக்ஸில் என் மாணவி ஒருத்திக்கு வலி. இடது பக்கம், கீழ்முதுகு. ஒற்றைக்காலில் நின்று பின்னால் சாய்ந்தால் அதே இடத்தில் சுருக்கென்கிறது. முன்னால் குனிந்தால் ஒன்றுமில்லை. இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் வளரும் வயது, பின்வளைவில் மட்டும் வலி: இரண்டும் சேர்ந்தால் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது. ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்பின் பின்வளையத்தில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் பளுவால் வரும் மெல்லிய விரிசல்) தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் அது எக்ஸ்ரேயில் சிக்காமல் போவதுண்டு. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிரிட்ஜ் (கையும் காலும் ஊன்றி வில்லாக வளைவது), வாக்ஓவர் (அப்படி வளைந்து ஒவ்வொரு காலாகத் தலைக்கு மேல் தாண்டுவது), பேக் ஹேண்ட்ஸ்பிரிங் (பின்னால் பாய்ந்து கை ஊன்றிக் காலில் வந்து நிற்பது) எல்லாம் நிறுத்தம்.

மார்ச் 5, புதன்

ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

அவளுடைய பழைய வீடியோ, ஃபிரேம் ஃபிரேமாக. கோளாறு கை ஊன்றும் இடத்தில் இல்லை, உட்காரும் இடத்தில்.

பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கில் உதைக்குமுன் நாற்காலியில் போல உட்காரும்போது கெண்டைக்கால் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது. இடுப்பு பின்னே போய், எடை குதிகாலுக்குப் பின்னால் சரிந்து, இனி நிற்க முடியாது என்ற நொடியில்தான் உதைக்க வேண்டும். அவளுக்கு முழங்கால் முன்னே ஓடுகிறது. உடனே உதை மேல்நோக்கிப் போகிறது, தாண்டும் நீளம் குறைகிறது, கை காலுக்குப் பக்கத்திலேயே விழுகிறது. அந்தக் குறுகிய இடத்துக்குள் சுற்றி முடிக்க உடம்பு எங்காவது மடிந்தாக வேண்டும். தோள் திறக்காதவளுக்கு மடிவது கீழ்முதுகு.

தலையை முன்கூட்டியே பின்னால் எறிவதும் இதே குடும்பம்தான். தரையைத் தேடி எறிகிறார்கள். கை காதோடு ஒட்டியிருந்தால் தலை தனியாகப் போகாது.

உள்ளங்கையைச் சற்று உள்நோக்கித் திருப்பி ஊன்றினால் முழங்கை பூட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் வளைவது குறையும். இதை எல்லோருக்கும் மறுபடி சொல்ல வேண்டும்.

மார்ச் 8, சனி

எல்லோருக்கும் தோள் சோதனை. முதுகைச் சுவரோடு ஒட்டி நின்று, விலா எலும்பு முன்னால் தள்ளாமல், நேரான கைகளை மேலே தூக்க வேண்டும். கட்டைவிரல் சுவரைத் தொட்டால் சரி. பாதிப் பேருக்கு விலா கிளம்பிவிட்டது. பிரிட்ஜ் அழகாகப் போடுகிறவர்களும் அதில் உண்டு. அந்த அழகு முழுக்க இடுப்பில் கடன் வாங்கியது.

இவர்களுக்கு இனி தரையில் பிரிட்ஜ் இல்லை. பாதத்தை 40 முதல் 60 செ.மீ. உயரப் பெட்டியில் வைத்து, முழங்காலை நீட்டி, தோளை மணிக்கட்டுக்கு மேலே கொண்டுவரத் தள்ள வேண்டும். அப்போது வளைவு மார்முதுகுக்கும் தோளுக்கும் ஏறும்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று குதித்துத் தரையில் இறங்குதல் மட்டும். வலி உள்ளவள் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கைப் பலகையில் எழுதினேன். எடை மையம் 60 செ.மீ. விழுந்து பாதம் தரை தொடுகிறது. அதன்பின் 10 செ.மீ.க்குள் நின்றால் தரை தரும் சராசரி விசை உடல் எடையைப் போல 7 மடங்கு. 30 செ.மீ. இறங்கி நின்றால் 3 மடங்கு. உச்ச விசை இதைவிட அதிகம். காலை விறைத்துக்கொண்டு, இறங்கிய இடத்திலேயே அசையாமல் 'ஒட்டி நிற்பது' நடுவருக்குப் பிடிக்கலாம், முதுகெலும்புக்குப் பிடிக்காது.

முன்பாதம், குதிகால், முழங்கால், இடுப்பு என்ற வரிசையில் மடங்க வேண்டும். முழங்கால் உள்ளே சாய்ந்தால் உயரத்தைப் பாதியாக்கு. கத்தித் திருத்த முடியாது. மிக மெத்தென்ற மேட் மேல் முறுக்கோடு இறங்கச் சொல்லாதே. பாதம் புதைந்து நின்றுவிடும், உடம்பு தொடர்ந்து திரும்பும், கணுக்கால் மாட்டும்.

மார்ச் 12, புதன்

"டேப் ஒட்டிக்கொண்டு போட்டியில் இறங்கலாமா சார்?" என்று கேட்கிறார்கள். கூடாது.

சோவியத் ஜிம்னாஸ்ட் எலெனா முகினா 1978 உலகச் சாம்பியன். 1979இல் கால் முறிந்தது. முழுக்க ஆறுமுன் திரும்பினார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் சில வாரம் முன்பு, மின்ஸ்கில் தாமஸ் சால்ட்டோ (காற்றில் முறுக்கிச் சுழன்று உருண்டு முடிக்கும் பல்டி) பயிற்சியில் கழுத்து முறிந்தது. உதையின் உயரம் பத்தாவிட்டால் காற்றில் சரிசெய்ய முடியாது. கால் தரையை விட்ட நொடியிலேயே எடை மையத்தின் பாதை முடிவாகிவிடுகிறது. சுருண்டால் சுழற்சிதான் வேகமாகும், உயரம் கூடாது. வலிக்கிற உடம்பு முழுதாக உதைக்காது. வேறென்ன சொல்ல.

மார்ச் 14, வெள்ளி

உதவிப் பயிற்சியாளர் எட்டி நின்று பிடிக்கிறார். ஸ்பாட் செய்கிறவர் (பக்கத்திலிருந்து தாங்குகிறவர்) ஒட்டி மண்டியிட வேண்டும்: ஒரு கை கீழ்முதுகில், ஒரு கை தொடையின் பின்புறம், தாண்டுகிறவளின் கை தரையில் ஊன்றும்வரை விடக் கூடாது. தோளைப் பிடித்துத் தூக்குவது உதவியே அல்ல; எடை இடுப்பருகே இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

ஸ்கேன் வியாழனன்று. இன்று வலி இல்லையாம். அதனால் பிரிட்ஜ் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். இல்லை. சுவரை நோக்கி வயிறு வைத்து ஹேண்ட்ஸ்டாண்ட் (கையில் தலைகீழாக நிற்பது), விலா உள்ளே, 20 விநாடி, வலித்தால் அதுவும் நிறுத்தம்.