பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தொகை

போன மாதம் ஒரு பழைய கேமரா லென்ஸை ஆன்லைனில் விற்றேன். பொருள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, வாங்கியவர் மாட்டி நாலு படமும் எடுத்துப் பார்த்துவிட்டார். மறுநாள் அவரிடமிருந்து ஒரு மெசேஜ். பார்சலின் மேல் ஒட்டியிருந்த தபால் ரசீதை போட்டோ எடுத்து, அதிலிருந்த தொகையைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். "சார், போஸ்டேஜ் பேக்கிங்னு நீங்க வாங்கினது இதைவிட அதிகம். மீதியைத் திருப்பி அனுப்பிடுங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதே வட்டத்தைத்தான் போட்டிருப்பேன் என்று தோன்றியது, ஏனென்றால் வாங்குகிறவர் கண்ணில் படுவது அந்த ரசீது ஒன்றுதான். சரி, கணக்குப் போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நான் வாங்கியதை 100 என்று வைத்துக்கொண்டால் ரசீதில் இருந்தது 68. மீதி 32 எங்கே போனது? லென்ஸின் சொந்தப் பெட்டி எப்போதோ தொலைந்துவிட்டது, அதனால் ஒரு சின்ன அட்டைப்பெட்டி, அதை உள்ளே வைக்க ஒரு பெரிய அட்டைப்பெட்டி, இரண்டுக்கும் நடுவே கசக்கித் திணித்த காகிதம், லென்ஸுக்கு மூன்று சுற்று பபிள் ராப். இவை 14. டேப், முகவரி பிரின்ட், அதன் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறை எல்லாம் சேர்த்து 3. அப்புறம் முக்கியமான ஒன்று, விற்பனைத் தளம் எடுத்துக்கொண்ட கமிஷன். பொருளின் விலைக்கு மட்டுமல்ல, நான் வாங்கிய தபால் செலவுக்கும் சேர்த்து 12 சதவீதம். ஆக இன்னொரு 12. எல்லாம் போக என் கையில் நின்றது 3. அதிலேயே நான் பெட்டி தேடியது, கட்டியது, தூக்கிக்கொண்டு போனது, வரிசையில் நின்றது எல்லாம் அடக்கம்.

தபால் செலவுக்கு எதற்குக் கமிஷன் என்று நானும் பல நாள் திட்டியிருக்கிறேன். அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஈபே என்ற அமெரிக்க ஆன்லைன் ஏலத் தளத்தில் ஆரம்ப காலத்தில் பொருளின் விலைக்கு மட்டும்தான் கமிஷன். விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? பொருளுக்குப் பேருக்கு ஒரு விலை போட்டுவிட்டு நிஜ விலையைத் தபால் செலவில் ஏற்றிவிடுவார்கள், கமிஷன் மிச்சம். ஈபே 2007-ல் விற்பவர்களுக்கு விரிவான மதிப்பெண் முறை கொண்டுவந்தபோது, தபால், பேக்கிங் கட்டணம் நியாயமாக இருந்ததா என்பதற்கே தனியாக நட்சத்திரம் வைக்க வேண்டியிருந்தது. அதுவும் போதவில்லை, 2011-ல் அமெரிக்கத் தளத்தில் தபால் செலவையும் சேர்த்தே கமிஷன் எடுக்க ஆரம்பித்துவிட்டது. நாலு பேர் செய்த தில்லுமுல்லுக்கு ஒழுங்காக விற்பவனும் தண்டம் கட்டுகிறான்.

அந்தத் தில்லுமுல்லுக்குக் கமிஷன் மட்டும் காரணமில்லை, வாங்குகிற நம் மண்டையும் அதற்கு ஒத்துழைக்கிறது. தன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஈபேயில் இசை சிடிக்களையும் வீடியோ கேம்களையும் அவர்களே ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ஒரே சிடி, ஒரு ஏலத்தில் ஆரம்ப விலை 4 டாலர், தபால் இலவசம். இன்னொன்றில் ஆரம்ப விலை 1 சென்ட், தபால் 3.99 டாலர். கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் பொதுவாக இரண்டாவது வகைக்குத்தான் அதிகம் பேர் ஏலம் கேட்டார்கள், தபாலையும் சேர்த்து விற்றவருக்குக் கிடைத்த மொத்தப் பணமும் அதில்தான் கூடுதல். இதில் ஒரு வேடிக்கை, சிடியின் விலையோடு ஒப்பிடும்போது தபால் செலவு ரொம்பப் பெரிதாகத் தெரிந்த ஏலங்களில் இந்த மாயம் வேலை செய்யவில்லை. கொஞ்சம் என்றால் நாம் கவனிப்பதில்லை, உறுத்துகிற அளவுக்குப் போனால்தான் முழித்துக்கொள்கிறோம்.

இப்போது வாங்குகிறவனாகப் பேசுகிறேன். மேசை இழுப்பறைக்கு மூன்று கைப்பிடிகள் வேண்டியிருந்தது. ஒரே விற்பனையாளர், ஒரே மாடல், மூன்று வெவ்வேறு அளவு. கார்ட்டில் போட்டால் மூன்றுக்கும் தனித்தனியாக டெலிவரி கட்டணம். சரி, மூன்று கவராக வருமோ என்னவோ என்று கட்டிவிட்டேன். வந்தது ஒரே கவர், என் உள்ளங்கை அளவு, உள்ளே மூன்றும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் பைக்குள். கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தான் போடும்" என்று பதில். சிஸ்டம் போட்டது சரி, வாங்கிக்கொண்டது யார்?

கதை அதோடு முடியவில்லை. மூன்றில் ஒன்று நான் கேட்ட அளவு இல்லை. திருப்பி அனுப்பினேன். பணம் வந்தது, பொருளின் விலை மட்டும். அந்தக் கைப்பிடிக்கு விலை 10 என்றால் டெலிவரி 15 வாங்கியிருந்தார்கள், திரும்பி வந்தது அந்த 10. தப்பு அவர்களுடையது, 15 என்னுடையது. அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. தபால் செலவு நியாயமா இல்லையா என்பது வாங்குகிற நாளில் சரியாகத் தெரியாது, திருப்பி அனுப்புகிற நாளில்தான் தெரியும். விலையைக் குறைத்துக் கட்டணத்தை ஏற்றுவதில் விற்பவருக்கு இருக்கும் பெரிய லாபமே இதுதான், பொருள் திரும்பினாலும் பாதிக்கு மேல் பணம் அவரிடமே தங்கிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். 2011-ல் கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், சில வகைப் பொருட்கள் நீங்கலாக, சாதாரண டெலிவரிக்குக் கட்டிய பணத்தையும் சேர்த்துத் திருப்பித் தரவேண்டும். வாங்கியவர் அவசரம் என்று எக்ஸ்பிரஸ் கேட்டிருந்தால் அந்தக் கூடுதல் தொகை கிடைக்காது, திருப்பி அனுப்பும் செலவும் பொதுவாக அவர் தலையில்தான். எனக்கு இது சரியான பங்கீடாகத்தான் படுகிறது.

ஆனால் கட்டணம் அதிகமாகத் தெரிவதெல்லாம் கொள்ளை இல்லை. ஒருமுறை விளக்குக்குப் போடும் துணிக்கூடு ஒன்றை விற்கப் பார்த்தேன். எடை 900 கிராம். ஒரு கிலோவுக்கான தபாலைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். பெட்டி 40 சென்டிமீட்டர் நீளம், 35 அகலம், 25 உயரம். கூரியர் கவுன்டரில் அதைத் தராசில் வைப்பதற்கு முன்பே டேப்பை எடுத்து அளந்தார்கள். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 7. ஆக அது 7 கிலோ பார்சல். வண்டியில் அடைக்கிற இடத்துக்கும் காசு, அதனால் நிஜ எடை, இந்தக் கன அளவு எடை இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் பில். விமானத்தில் போகிற சரக்குக்கு வெகு காலமாக இருக்கும் கணக்குதான், அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யுபிஎஸ் என்ற இரண்டு பெரிய கூரியர் கம்பெனிகளும் தரைவழியாகப் போகும் சின்னப் பெட்டிகளுக்கும் 2015 வாக்கில் இதைக் கொண்டுவந்துவிட்டன. அந்தத் துணிக்கூட்டில் நான் கைக்காசு போட்டு அனுப்பினேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தலையணை, பொம்மை, தொப்பி மாதிரி காற்றடைத்த சாமான்களுக்குத் தபால் செலவைப் பார்த்துவிட்டு விற்பவரைத் திட்டுகிறவர்கள் ஒரு தடவை பெட்டியை அளந்து பார்க்கலாம்.

"இலவச டெலிவரி" பற்றி என்ன சொல்வது? யாரோ கட்டுகிறார்கள், அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் இருப்பவரும் எல்லைக்கோட்டில் இருப்பவரும் ஒரே விலை கொடுக்கும்போது முன்னவர் பின்னவருக்காகக் கொஞ்சம் கட்டுகிறார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தபாலின் அடித்தளமே அதுதான். பிரிட்டனில் 1840-க்கு முன்னால் கடிதத்துக்குத் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் பார்த்துக் கட்டணம், பெரும்பாலும் கடிதம் பெறுகிறவர்தான் கட்டவேண்டும். தபால் முறையை மாற்றச் சொன்ன ரோலண்ட் ஹில் என்பவர் 1837-ல் கணக்குப் போட்டு, லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்துபோக ஆகும் செலவு ஒரு பென்னியில் (அந்த நாட்டுச் சில்லறைக் காசு) 36-ல் ஒரு பங்குதான் என்று காட்டினார். மற்ற செலவெல்லாம் வாங்குவது, பிரிப்பது, கணக்கெழுதுவது, வீட்டில் பணம் வசூலிப்பது. அதனால்தான் நாடு முழுக்க ஒரே பென்னி என்ற முறை வந்தது. என் லென்ஸ் பார்சலிலும் கதை அதேதான், செலவு தூரத்தில் மட்டும் இல்லை, நிறையக் கைவேலையில் இருக்கிறது. எனக்குப் பிடிக்காதது, கடைசிப் பக்கம் வரை இலவசம் மாதிரி காட்டிவிட்டு, முகவரி, கார்டு எண் எல்லாம் போட்ட பிறகு "ஹேண்ட்லிங்" என்று ஒரு வரி முளைப்பது. அதைப் பார்த்தால் நான் பிரவுசர் ஜன்னலை மூடிவிடுவேன், பொருள் எவ்வளவு பிடித்திருந்தாலும்.

இப்போதெல்லாம் விற்கும்போது முதலில் பெட்டி கட்டிவிட்டு, அளந்து எடை போட்டு, அதற்கப்புறம்தான் விளம்பரமே போடுகிறேன். தபால் இவ்வளவு, பேக்கிங் இவ்வளவு என்று இரண்டு வரி. இரண்டு பொருள் எடுத்தால் ஒரு பெட்டிக்குத்தான் காசு. என் தப்பால் திரும்பி வந்தால் இரண்டு பக்கத் தபாலும் நான் தருகிறேன். பேக்கிங்கில் என் உழைப்புக்கும் கொஞ்சம் சேர்த்துத்தான் வாங்குகிறேன், அதில் எனக்குக் கூச்சமில்லை. தபால் நிலையத்துக்கு நடந்து பழகினால் யாருக்கும் இருக்காது.

லென்ஸ்காரருக்கு அந்த 32-ஐ அப்படியே பிரித்து எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. சரி, ஒற்றை நட்சத்திரம் விழப்போகிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தது: "ஓகே சார். அந்த டபுள் பாக்ஸை வெட்டாம பத்திரமா வெச்சிருக்கேன், என் பழைய லென்ஸையும் விக்கப் போறேன். போஸ்டேஜ் எவ்வளவு போடலாம்?"

பேக் செய்துவிட்டு எடை போடச் சொன்னேன்.